நாலு இழுப்புக்கு ஒரு தோட்டா

ரிவால்வர் வாங்கிய ஆறே மாதத்தில், அதை வாங்கிய காசைவிட அதற்குத் தீனி போட்ட காசு அதிகமாகிவிட்டது. ஆசைப்பட்டுக் குதிரையை வாங்கிவிட்டு, கொள்ளு விலை கேட்டு மலைத்து நிற்கிற கதைதான். ஓஹையோவில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் ஒரு சுடுகளம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போனால் ஐம்பது தோட்டா கொண்ட பெட்டி இரண்டு காலியாகும். என்னுடையது .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடும் ரிவால்வர். ஊரே சுடுகிற 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இருக்கும் மலிவு விலை இதற்குக் கிடையாது. அதனால் சுட்டு முடித்த கூட்டையே வீட்டில் மறுபடி நிரப்பித் தோட்டா செய்யக் கற்றுக்கொண்ட கதை இது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எச்1பி விசாவில் இருந்த வருடங்களில் நான் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. அந்த விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாகூட வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். பச்சை அட்டை வந்த பிறகுதான் எல்லாம். அதே சட்டத்தில், சொந்த உபயோகத்துக்குத் தோட்டாவை மறுபடி நிரப்பிக்கொள்ள உரிமம் எதுவும் தேவையில்லை; விற்றால்தான் தனி உரிமம் வேண்டும். இந்தியாவில் கதை வேறு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். அதனால் ஊரில் இருக்கும் மச்சான்கள் இதை ஒரு கதையாக மட்டும் படியுங்கள்.

ரிவால்வரில் ஒரு வசதி உண்டு. சுட்டு முடித்த வெற்றுக்கூடு தெறித்து நாலு பேர் காலடியில் விழாது. உருளையைத் திறந்து தண்டைத் தட்டினால் உள்ளங்கையில் பொலபொலவென்று கொட்டும். நான் அதை அப்படியே குப்பைவாளியில் போடப் போனபோது பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு குரல், அதை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டது. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர். ஆயுள் முழுக்க டூல் ரூமில், அதாவது அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பித்தளையைக் குப்பையில் போடுகிறவனை அவர் பார்த்த பார்வை, சோற்றைக் கீழே கொட்டினால் என் பாட்டி பார்க்கும் அதே பார்வை.

ஒரு தோட்டாவில் நாலே சமாச்சாரம். பித்தளைக் கூடு, அதன் அடியில் இருக்கும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. கேப் என்று சொல்வது பழக்கதோஷம். தீபாவளிக்குச் சுருளாக வாங்கி விளையாட்டுத் துப்பாக்கியில் போட்டுப் பட்பட்டென்று வெடிப்போமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். இங்கே பிரைமர் என்பார்கள். அடி விழுந்தால் பொறி பறக்கும், பொறியில் மருந்து எரியும், எரிந்த வாயு குண்டைத் தள்ளும். சுட்ட பிறகு குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, கேப் செத்துவிட்டது. கூடு மட்டும் முழுசாக இருக்கிறது. நாலில் விலை கூடிய உருப்படியும் அதுதான். அதைத் திரும்பத் திரும்ப நிரப்பலாம். .38 ஸ்பெஷல் மாதிரி அழுத்தம் குறைந்த தோட்டாவில் ஒரே கூட்டைப் பத்து முறைக்கு மேல் நிரப்புகிறவர்கள் உண்டு.

அழுத்தம் என்றதும் ஒரு கணக்கு. அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தர அமைப்பான சாமி (SAAMI), .38 ஸ்பெஷலுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 9 மில்லிமீட்டருக்கு 35,000. உங்கள் கார் டயரில் முப்பத்தைந்து இருக்கும். அதைப்போல ஆயிரம் மடங்கு, முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி.

பெரியவர் 1960களில் ஆரம்பித்தவர். அப்போது ரிச்சர்ட் லீ என்பவர் கொண்டுவந்த சின்னப் பெட்டி ஒன்று உண்டு. பிரஸ், அதாவது நெம்புகோலை இழுத்துக் கூட்டை அச்சுக்குள் அழுத்தும் எந்திரம், எதுவும் வேண்டாம்; ஒரு சுத்தியல் போதும். கூட்டை அச்சுக்குள் தட்டு, தட்டி எடு, கேப்பைத் தட்டு, குண்டைத் தட்டு. கேப்பைத் தட்டும்போது அவ்வப்போது அது கையிலேயே வெடிக்குமாம். அவர் மனைவி கூடத்திலிருந்து, எல்லாம் சரியா என்று கேட்பாராம். சரி என்று பதில் வந்தால் டிவியைத் திரும்பப் பார்ப்பாராம்.

அவர் என்னை அந்த வழிக்கு விடவில்லை. பிரஸ்ஸில் மூன்று சாதி என்றார். ஒரே டை (அச்சு) மாட்டும் ஒற்றை பிரஸ், டைகளைச் சுழல் தட்டில் மாட்டும் டரட் பிரஸ், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா கொட்டும் ப்ரோக்ரெசிவ். கடைசியதில் நாலைந்து கூடுகள் ஒரே நேரத்தில் நாலைந்து நிலையில் இருக்கும். நாலைந்து கண் வேண்டும். முதலாவதில் நூறு தோட்டா செய்ய ரொம்ப நேரம் போய்விடும். நடுவில் இருப்பதை எடு.

டரட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோயம்புத்தூர் வந்துவிட்டது. கணபதியில் என் தாய்மாமாவின் பட்டறையில் ஒரு கேப்ஸ்டன் லேத் இருந்தது. அதன் தலையில் அறுகோணமாக ஒரு கட்டை. ஒவ்வொரு முகத்திலும் ஒரு டூல். ஒன்றைக் கொண்டுபோய்த் துளை போடு, பின்னால் இழுத்தால் தலை தானாக ஒரு முகம் திரும்பும், அடுத்த டூல் முன்னால் வந்து நிற்கும், மரை போடு. மாமா அந்தத் தலையை ஆறுமுகம் என்றுதான் கூப்பிடுவார். "ஆறுமுகத்துக்கு எண்ணெய் விடுடா." டரட் பிரஸ்ஸும் அதே யோசனைதான். கூடு ஓரிடத்தில் நிற்கிறது, டைகள் அதன் தலைக்கு மேல் சுற்றி வருகின்றன. என்னுடையதில் நாலே முகம். நெம்புகோலை ஒரு முறை முழுசாக இறக்கி ஏற்றினால் தட்டு கால் சுற்றுத் திரும்பும். நாலு இழுப்பில் ஒரு தோட்டா. ஏழு ஓட்டையுடன் ரெட்டிங் டி-7 என்று ஒன்று இருக்கிறது, நல்ல கனமான சரக்கு. ஆனால் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும். எது நல்லது என்பதில் இங்கே பெரிய சண்டை உண்டு. பின்னால் வருகிறேன்.

இன்னொரு லாபம், தட்டை அப்படியே கழற்றலாம். டைகளை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அவை தட்டோடு வரும், தட்டோடு போகும். தேன்குழல் அச்சை எடுத்துவிட்டு ஓமப்பொடி அச்சைப் போடுகிற மாதிரி.

முதல் தப்பு பிரஸ்ஸில் இல்லை, மேஜையில். ஒரு கடையில் வாங்கிய கணினி மேஜையில் போல்ட் போட்டேன். முதல் கூட்டை அளவுக்கு அழுத்தியதும் மேஜை என்னோடு சேர்ந்து குனிந்தது. வார்ப்பிரும்புப் பிரஸ்ஸின் நெம்புகோலில் சாய்ந்து இழுக்கிற விசை மொத்தமும் பலகைக்குத்தான் போகிறது. பெரியவர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போய் அளவுநாடாவோடு திரும்பி வந்தார். அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்து பேஸ்மென்ட் சுவரின் மரச்சட்டங்களோடு சேர்த்து முடுக்கி ஒரு பெஞ்ச் செய்தோம். இரண்டு பேர் ஏறி நின்றாலும் அசையாது. உயரத்தையும் அவரே சொன்னார்: நின்றபடி இழுத்தால் நெம்புகோல் கீழே வரும்போது முழங்கை நிமிர வேண்டும், முதுகு குனியக் கூடாது.

பித்தளையைச் சுத்தம் செய்வது பற்றி ஒரு சின்ன விஷயம். சிலர் அரைத்த வால்நட் ஓட்டில் போட்டு உருட்டுவார்கள், சிலர் தண்ணீரில் எஃகு ஊசிகளோடு கொஞ்சம் சிட்ரிக் அமிலம் சேர்த்து உருட்டுவார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் புளி போட்டுத் தேய்ச்சாப் போதாதா?" என்றாள். அவள் சொன்னதும் அமிலம்தான், தப்பில்லை. ஆனால் அம்மோனியா கலந்த பாலிஷ் எதையும் பித்தளைக் கூட்டில் போடக் கூடாது. உலகம் இதைக் கற்றுக்கொண்ட இடம் இந்தியா. வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். மழைக்காலத்தில் வருவதால் சீசன் கிராக்கிங் என்று பெயர் வைத்தார்கள். காரணம் 1921இல்தான் தெளிவானது: குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியாவும், இழுத்து வடித்த பித்தளைக்குள் தங்கியிருக்கும் இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை.

சரி, டைகள்.

முதல் டை இரண்டு வேலை செய்யும். சுடும்போது வீங்கிய கூட்டை மறுபடி அளவுக்கு இறுக்கும். நடுவில் இருக்கும் ஊசி செத்த கேப்பைக் கீழே தள்ளும். கூட்டை மேலே தூக்கும் தண்டின் உட்புறம் வழியாகக் கேப் குழாயில் போய் விழும் சத்தம், உண்டியலில் காசு போடுகிற மாதிரி இருக்கும். டையின் வாயில் கார்பைடு வளையம் இருப்பதால் கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டாம். ஆனால் கார்பைடு கடினமே தவிர, அடி தாங்காது. கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் அதில் போய் மோதிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் விண்டுபோகும். அதனால் தொடும்வரை டையை இறக்கி, ஒரு தாள் நுழைகிற அளவுக்குத் தளர்த்தி, பூட்டு நட்டை இறுக்கினேன். இறுக்கியதும் டையும் கூடவே திரும்பிவிட்டது. திரும்பவும் தளர்த்தி, திரும்பவும் இறுக்கி. இதற்கு மட்டும் இருபது நிமிடம்.

பெரியவர் அங்கே ஒன்றைக் காட்டினார். கூடு இல்லாமல் நெம்புகோலை இழுத்தால் தட்டு சும்மா இருக்கிறது. கூட்டோடு இழுத்தால் தட்டு ஒரு மயிரிழை மேலே எழும்புகிறது. சுழல வேண்டிய எதற்கும் கொஞ்சம் இடம் இருந்தாக வேண்டும். அந்த இடம்தான் எழும்புகிறது. வெறும் பிரஸ்ஸில் வைத்த அளவு, கூடு உள்ளே போனதும் மாறும். ஆகவே எந்த டையை வைத்தாலும் கூட்டை உள்ளே விட்டு, அழுத்தத்தில் வைத்தே பூட்ட வேண்டும். லேத்தில் மாமா இதையே "லூஸை ஒரு பக்கமா வாங்கிக்கோ" என்பார்.

நெம்புகோலைத் திரும்ப ஏற்றும் வழியில் புது கேப் ஏறும். ஒரு சின்னக் கை அதைத் தண்டின் பிளவுக்குள் கொண்டுவரும். கூடு அதன் மேல் இறங்கி உட்காரும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவுவதுதான் சரியான சோதனை. கூட்டின் அடியில் விரலை ஓட்டினால் கேப் மேடு தட்டக் கூடாது. சற்றே பள்ளமாக இருக்க வேண்டும். மேடு தட்டினால் ரிவால்வர் உருளை சுற்றும்போது உரசி நிற்கும்.

இரண்டாவது டை கூட்டின் வாயை லேசாக மலர்த்தும். குண்டு உட்காருகிற அளவுக்கு மட்டும் மலர வேண்டும். முதல் நாள் நான் மலர்த்தியதைப் பார்த்தால் ஊமத்தம்பூ மாதிரி இருந்தது. அடுத்த டைக்குள் நுழையவே இல்லை. அதிகம் மலர்த்தினால் நாலைந்து முறையிலேயே வாய் கிழியும். இந்த டையின் தலையில்தான் மருந்து அளக்கும் கருவி உட்கார்ந்திருக்கிறது. கூடு மேலே போய்த் தள்ளினால்தான் கருவியின் உருளை திரும்பி மருந்து விழும். கூடு இல்லாவிட்டால் விழாது. நல்ல யோசனை.

மருந்தை நிறுப்பது கிரெயின் கணக்கில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். முதலில் இது எனக்குக் கையில் பிடிபடவில்லை. அப்புறம் நகைக்கடைக் கணக்குக்கு மாற்றினேன், எல்லாம் தெளிந்துவிட்டது. 9 மில்லிமீட்டரில் வழக்கமாக வரும் 124 கிரெயின் குண்டு அச்சாக எட்டு கிராம், அதாவது ஒரு பவுன். என் ரிவால்வரின் 158 கிரெயின் குண்டு ஒன்றேகால் பவுனுக்குச் சற்று மேல். குன்றிமணி ஒன்று இரண்டு கிரெயினுக்குக் கொஞ்சம் குறைவு. .38க்குள் போகும் மருந்து பெரும்பாலும் இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அந்தக் குன்றிமணிக் கணக்கில் கால்வாசி தப்பினாலும் துப்பாக்கிக்கு அது சின்னத் தப்பு இல்லை.

எவ்வளவு மருந்து என்று இங்கே எழுத மாட்டேன். மருந்து செய்கிறவர்களே ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் அட்டவணை போடுகிறார்கள். அதில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். நண்பனின் அளவு, வீடியோவில் பார்த்த அளவு, எதுவும் செல்லாது. பெஞ்ச் மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. அடையாளம் தெரியாத மருந்து இருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்; பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாம் கறுப்புக் கடுகுதான்.

தராசு என்னைப் படுத்திய பாடு தனி. கைத்தராசு மாதிரி ஒரு பீம் தராசு. முள் நடுவில் நிற்காமல் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் தராசின் காலை உயர்த்தினேன், தாழ்த்தினேன், ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் தலைக்கு மேலே ஹீட்டர் காற்று வரும் துவாரம். அதை அட்டை வைத்து அடைத்ததும் முள் சமத்தாக நின்றது. கருவியின் உருளையைத் திருப்பி, பத்துப் பத்துத் தடவை மருந்து இறக்கி, மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுத்து, தனித்தனியாகவும் ஐந்து நிறுத்து, ஒரு மாலை முழுக்கப் போனது. புதிதாக நிரப்பிய கருவி முதல் இருபது முப்பது தடவை ஒழுங்காக அளக்காது; மருந்து படிய வேண்டும். அவற்றை டப்பாவிலேயே திரும்பக் கொட்டிவிட வேண்டும்.

மூன்றாவது டை குண்டை இறக்கும். .38 ஸ்பெஷல் தோட்டாவின் முழு நீளம் 1.550 அங்குலத்தைத் தாண்டக் கூடாது; குண்டின் இடுப்பில் இருக்கும் பள்ளத்துக்குக் கூட்டின் வாய் வந்தால் நீளம் தானாகச் சரியாக இருக்கும். நாலாவது டை வாயை மடித்து அந்தப் பள்ளத்தில் கவ்வும். இதே மாதிரி 9 மில்லிமீட்டரில் மடித்தால் வம்பு. துப்பாக்கியின் அறைக்குள் .38 தன் அடி விளிம்பில் நிற்கிறது. 9 மில்லிமீட்டர் தன் வாயின் ஓரத்தில் நிற்கிறது. வாயை உள்ளே மடித்துவிட்டால் அது நிற்க இடமில்லை. மலர்த்தியதை நிமிர்த்தினால் போதும். குண்டைக் கொஞ்சம் ஆழமாக இறக்கிவிட்டாலும் அந்தச் சின்னக் கூட்டில் அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். முதன்முதலில் .38ல் ஆரம்பிக்கப் பெரியவர் சொன்னதற்குக் காரணம் அதுதான் என்று பிறகு புரிந்தது.

இரண்டு வாரத்தில் தட்டு பாதியில் நிற்க ஆரம்பித்தது. ஒரு டைக்கும் அடுத்த டைக்கும் நடுவில். என் தப்புதான். அவசரத்தில் தட்டைக் கையால் பின்பக்கம் திருப்பியிருந்தேன். உள்ளே தட்டைத் திருப்பிவிடும் சின்னப் பிளாஸ்டிக் ராட்செட்டின் முனை மழுங்கிவிட்டது. இரும்பு போகாமல் இது போகட்டும் என்றே பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறார்கள். ஒரு காபி காசுதான். இப்போது டிராயரில் மூன்று இருக்கின்றன.

முதலில் ஐந்தே ஐந்து தோட்டா செய்தேன். ஐந்தையும் உருளையில் போட்டுப் பார்த்தேன். தட்டாமல் விழுந்தன, தட்டாமல் வந்தன. அடுத்த நாள் சுடுகளத்தில் பெரியவர் பக்கத்தில் நிற்க, ஒன்று ஒன்றாகப் போட்டுச் சுட்டேன். ஒவ்வொரு முறையும் காகிதத்தில் ஓட்டை விழுந்ததா என்று பார்த்த பிறகே அடுத்தது. ஓட்டை விழாவிட்டால், சத்தம் சப்பென்று இருந்தால், அங்கேயே நிறுத்த வேண்டும். மருந்தே இல்லாத தோட்டாவில் கேப் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு நின்றுவிடும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு, விரலும் போகலாம்.

அதற்கு நேரெதிர், இரண்டு முறை மருந்து விழுவது. .38 ஸ்பெஷல் 1898இல் பிறந்தது. கருமருந்துக் காலத்துக் கூடு, ஆகவே உள்ளே இடம் அதிகம். இப்போதைய மருந்து அதில் ஒரு மூலையில் கிடக்கும். இரண்டு மடங்கு போட்டாலும் வழியாது, எட்டிப் பார்த்தால் ஒழியத் தெரியாது. நான் பின்னால் வருகிறேன் என்று சொன்ன சண்டை இதுதான். கையால் திருப்பும் பிரஸ் வைத்திருப்பவர்கள் ஐம்பது கூட்டுக்கும் மருந்து போட்டு, பலகையில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஐம்பது கிணற்றில் ஒன்றில் மட்டும் தண்ணீர் மட்டம் ஏறியிருந்தால் கண்ணில் அடித்துவிடும். தானாகத் திரும்பும் பிரஸ்காரர்களோ, எங்களுக்கு அந்தத் தப்பே வராது, ஒரு இழுப்புக்கு ஒரு முறைதான் மருந்து, அடுத்த இழுப்பில் தட்டு நகர்ந்துவிடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் தப்பு வராது என்று நம்பியவன் உள்ளே எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறான். நான் நிறுத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்புத்தூரில் சாயங்காலம். அம்மா கூப்பிட்டார். நெம்புகோல் பாதியில் இருந்தது. "சொல்லும்மா" என்று தோளில் போனை இடுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணம், மாமாவின் முழங்கால், தங்கை மகனின் பரீட்சை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கை பாட்டுக்கு இழுத்திருக்கிறது. போனை வைத்ததும் பார்க்கிறேன்: பெட்டியில் ஐம்பது தோட்டா நிறைந்திருக்கிறது. கடைசிப் பத்துப் பன்னிரண்டு எப்படிச் செய்தேன் என்று எனக்கு நினைவே இல்லை. நடுவில் ஒருமுறை தட்டைக் கையால் திருப்பினேனா? எதற்கு? முன்னாலா பின்னாலா?

நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று தராசை எடுத்தேன். ஐம்பதையும் நிறுத்தேன். எடைகள் ஏழெட்டு கிரெயின் வித்தியாசத்தில் சிதறிக் கிடந்தன. பல கம்பெனிக் கூடுகள் கலந்தவை. கூட்டுக்குக் கூடு நாலைந்து கிரெயின் மாறும், குண்டுக்குக் குண்டு ஒரு கிரெயின் மாறும். உள்ளே இருக்கும் மருந்தே அவ்வளவுதான். மருந்து இல்லாத ஒன்றும், இரட்டை மருந்து போட்ட ஒன்றும் அந்தச் சிதறலுக்குள் ஒளிந்துகொள்ளும். தராசு கைவிரித்துவிட்டது.

கடைசிப் பன்னிரண்டு எவை என்றும் தெரியாது. பெட்டியில் வரிசையாக வைக்கவில்லை. பெரியவருக்குப் போன் செய்தேன். ஐம்பதையும் பிரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிரிப்பதற்குச் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு. தலைக்குள் தோட்டாவை மாட்டி, கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டின் சொந்த எடையே அதை வெளியே இழுக்கும். மடித்துக் கவ்வியது நன்றாகப் பிடித்திருந்தது, வருத்தம் என்னவென்றால் மிக நன்றாகவே பிடித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலு அடி, ஐந்து அடி. ஒவ்வொன்றாகக் குண்டு ஒரு கிண்ணத்தில், மருந்து தராசில், கூடு தனியாக. மதியச் சாப்பாடு தாண்டிவிட்டது. மனைவி படியிலிருந்து, "மேல வீடு இடியுது" என்றாள்.

ஐம்பதும் சரியாக இருந்தன. ஒன்றில்கூடக் கூடுதல் இல்லை, குறைவு இல்லை. கை தானாகச் சரியாகச் செய்திருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். அவர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைக் கொண்டுவந்து பிரஸ்ஸின் மேல் மாட்டிவிட்டுப் போனார். அதன் வெளிச்சம் நேராகக் கூட்டின் வாய்க்குள் விழுகிறது. இப்போது என் முறை இதுதான்: இடது கையில் குண்டு இருக்கும், ஆனால் உள்ளே மருந்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை கீழே போகும். பார்த்தேனா என்று சந்தேகம் வந்தால் அந்தக் கூடு மருந்தைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து. மணிக்கு இருநூறு செய்யலாம் என்கிறார்கள். எனக்கு நூற்றிருபது வந்தால் பெரிசு.

வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுகிறேன். செத்த கேப்பின் கரியில் ஈயம் இருக்கிறது. ஸ்பூனில் சாப்பிடுகிற ஊர்க்காரர்களே இதில் கறாராக இருக்கிறார்கள். கையால் பிசைந்து சாப்பிடுகிற நாம் எவ்வளவு பார்க்க வேண்டும்? பேஸ்மென்ட்டில் காபி டம்ளருக்குத் தடை. மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, கேப்பைத் தனி அலமாரியில் வைக்கிறேன். இரண்டுக்கும் பூட்டு.

காசு மிச்சமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெட்டிக்குக் கணக்குப் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் முன்னால் மாதத்துக்கு இருநூறு சுட்டேன், இப்போது ஐந்நூறு. நடுவில் 2020, 2021இல் கேப் கிடைக்காமல் போய், ஆயிரம் 35 டாலர் அளவில் விற்றது நூறு டாலரையும் தாண்டியபோது, பெரியவர் தன் இருப்பிலிருந்து ஒரு பெட்டியைப் பழைய விலைக்கே தந்தார். அந்த வருட ஆயுத பூஜைக்கு பிரஸ்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். வந்து பார்த்தவர், இந்தச் சிவப்பு எதற்கு என்று கேட்டார். கருவிக்கு வருடத்தில் ஒருநாள் ஓய்வு, அன்றைக்கு அதை யாரும் தொடக் கூடாது என்றேன். டூல் ரூமில் தனக்கு அப்படி ஒரு நாள் கொடுக்கவில்லையே என்றார்.

போன் இப்போது மேலேயே இருக்கும். போன ஞாயிறு அம்மா கூப்பிட்டிருக்கிறார். மனைவி எடுத்து, "அவர் கீழ மருந்து போட்டுக்கிட்டு இருக்காருங்க அத்தை, முடிச்சிட்டுப் பேசுவார்" என்றிருக்கிறாள். நான் கை கழுவிவிட்டு மேலே வருவதற்குள் நாலு மிஸ்டு கால். எடுத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "கால்ல அடியா, கையிலயா? ஒழுங்கா டாக்டர்கிட்டக் காட்டினியா, இல்ல நீயே போட்டுக்கிறியா?"